கழித்துவிட்ட எண்

மூத்திரம் போவதற்கு ஒரு மனிதன் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்று அறுபத்தாறு வயது வரை எனக்குத் தெரியாது. நாவற்குடாவிலிருந்து பட்டணத்துக்குச் சைக்கிளில் போவதென்றால், எந்தத் தேத்தண்ணிக் கடையின் பின்பக்கம் கக்கூஸ் இருக்கிறது, எந்த வளவு வேலியோரம் ஆள் நடமாட்டம் குறைவு என்று எல்லாம் மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன். கல்லடிப் பாலம்தான் பெரிய கண்டம். ஏறிவிட்டால் அக்கரை சேரும் வரை ஒரு வழியும் கிடையாது. கீழே வாவி நிறையத் தண்ணீர் வேறு, பார்த்தாலே முட்டிக்கொண்டு வரும். வயதுக் கோளாறு என்று நானே தீர்மானித்து, ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வருடத்தை ஓட்டினேன்.

மனைவிக்கும் நான் சொல்லவில்லை. அவள்தான் கண்டுபிடித்தாள். "இஞ்சேருங்க, நீங்க உள்ளுக்குப் போனா நான் ஒரு தேங்காய் திருவி முடிச்சிருவன். இது நல்லதுக்கில்ல. போய்க் காட்டுங்க" என்றாள். போய்க் காட்டினேன். ஆஸ்பத்திரி கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு செய்த பரிசோதனையை நான் விவரிக்கப் போவதில்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும். முடிந்த பிறகு, புரொஸ்டேட் சுரப்பிக்கென்று ஒரு இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். நாலுக்குள்ளே இருக்க வேண்டுமாம். எனக்கு ஆறு புள்ளி எட்டு.

"இது கூடின எல்லாருக்கும் கேன்சர் எண்டில்ல ஐயா. வீக்கத்துக்கும் கூடும், கிருமிக்கும் கூடும். மருந்து தாறன். ஆறு கிழமையால திரும்ப இரத்தத்தக் குடுத்து ரிப்போட்டக் கொண்டு வாங்க. கூடிக்கொண்டு போனா ஊசியால சதை எடுத்துப் பாக்க வேணும்" என்றார் அவர். அவர் சொன்ன எல்லாவற்றிலும் ஒரு சொல்தான் வீடு வரை என்னோடு வந்தது.

நான் செய்த மடத்தனம் விளங்க வேண்டுமென்றால் என் தொழிலைச் சொல்ல வேண்டும். கரடியனாற்றுப் பக்கம் அரசாங்க நெல் களஞ்சியம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். விவசாயிகள் கொண்டுவரும் நெல்லில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு உழவு மெஷின் பெட்டி நிறைய மூட்டை வந்தால், அதில் ஐந்து மூட்டையைக் குத்தூசியால் குத்தி, குழாய்க்குள் வருகிற நெல்லை மீட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து எண் வரும். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் கழித்துவிட்டு, மிச்சம் மூன்றுக்கும் சராசரி எடுப்போம். ஓரத்தில் கிடந்த மூட்டை மழையில் நனைந்திருக்கும், மேலே கிடந்தது வெயிலில் காய்ந்திருக்கும், இரண்டையும் நம்பக்கூடாது என்பது எங்கள் கணக்கு. சராசரி கூடினால், "ரெண்டு நாள் காயப்போட்டுட்டுக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவேன். திட்டுவார்கள். என் பரம்பரையையே இழுத்து ஏசுவார்கள். ஆனால் திரும்ப வரும்போது எண் குறைந்திருக்கும். முப்பத்தொரு வருடமும் அப்படித்தான். கூடினால் காயப்போடு, திரும்ப அள. அது என் எலும்பில் ஊறிவிட்டது.

ஆகவே டொக்டர் ஒரு தரம் எடுக்கச் சொன்ன இரத்தப் பரிசோதனையை நான் ஐந்து தரம் எடுத்தேன். பட்டணத்தில் இரண்டு, கல்லடியில் ஒன்று, காத்தான்குடியில் ஒன்று, பிறகு கடைசியாக முதன்முதல் எடுத்த அதே இடத்தில் ஒன்று. இடையிடையே உடம்பைக் காயப்போட்டேன். நெருஞ்சி முள் அவித்துக் குடித்தேன். பார்லித் தண்ணி குடித்தேன். இறைச்சியை விட்டேன். காத்தான்குடியில் இரத்தம் எடுத்த பிள்ளை, "சைக்கிள்ளயா வந்தீங்க ஐயா? சைக்கிள் ஓடினாலும் இது கொஞ்சம் கூடும், ரெண்டு நாளைக்கு ஓடாம வாங்க" என்று சொன்னாள். எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. ரெண்டு நாள்! என்னுடைய வசனத்தையே அந்தப் பிள்ளை எனக்குச் சொல்கிறாள். சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு ரெண்டு நாள் கோழி அடைகாக்கிற மாதிரி வீட்டிலிருந்தேன்.

ஐந்து எண் வந்தது. ஆறு புள்ளி இரண்டு, ஆறு, ஆறு புள்ளி நாலு, ஐந்து புள்ளி ஒன்று. கடைசியாக வந்தது ஒன்பது புள்ளி ஏழு.

அந்தக் கடைசிக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு இரத்தம் எடுத்த இடத்து வாசலில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேற்கேயிருந்து வந்த கச்சான் காற்று முகத்தில் அடித்தது. ரிப்போட்டை மடித்து, விரித்து, திரும்ப மடித்தேன். பிறகு என் மூளை தன் பழைய வேலையைப் பார்த்தது. ஆகக் கூடியது ஒன்பது புள்ளி ஏழு, கழி. ஆகக் குறைந்தது ஐந்து புள்ளி ஒன்று, கழி. நான் நேர்மையானவன், எனக்குச் சாதகமான எண்ணையும் கழித்துவிட்டேன். மிச்சம் மூன்றின் சராசரி ஆறு புள்ளி இரண்டு. ஆறு புள்ளி எட்டு என்பது ஆறு புள்ளி இரண்டாகக் குறைந்துவிட்டது. மருந்து கேட்டிருக்கிறது. நாலைத் தாண்டித்தான் நிற்கிறது என்றாலும் இறங்குமுகம்தானே. இதைக் கணக்கில் செய்த மோசடி என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

மூன்று ரிப்போட்டை மட்டும் டொக்டரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "என்ன ஐயா, ஒவ்வொரு இடத்தில எடுத்திருக்கீங்க? ஒரே இடத்தில எடுத்தாத்தான் ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்று கொஞ்சம் சினந்துகொண்டார். பிறகு, "கூடின மாதிரித் தெரியல்ல. மூணு மாசத்தால ஒரே இடத்தில எடுத்துக்கொண்டு வாங்க, பாப்பம்" என்று கிளினிக் கொப்பியில் எழுதினார். நான் வெளியே வந்து ஒரு கடையில் ரெண்டு வடை தின்றேன். அவ்வளவு பசி.

"டொக்டர் என்ன சொன்னார்?" என்று மனைவி கேட்டாள். "குறைஞ்சிட்டாம்" என்றேன்.

அந்த மூன்று மாதமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. சைக்கிளில் கல்லடிக் கடற்கரைக்குப் போய் வலை இழுப்பதை வேடிக்கை பார்த்தேன். மீன் வாங்கி வந்து இது கொழுப்பில்லாத மீன் என்று மனைவிக்குப் பாடம் எடுத்தேன். ஒரு கல்யாண வீட்டில் ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஒன்பது புள்ளி ஏழை மட்டும் என்னால் கிழித்தெறிய முடியவில்லை. முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கடதாசியோடு இருந்தவனுக்குக் கடதாசி கிழிக்கக் கை வராது. அலுமாரியில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. இந்த வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது, அலுமாரியும் அப்படியே. அவளுடைய அலுமாரிக்குள் அவளுக்குத் தெரியாமல் ஒளித்த அறிவாளி இந்தப் பகுதியிலேயே நான் ஒருவன்தான்.

மூன்றாம் மாதத்தின் நடுவில் ஒருநாள் காலை தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தேன். கோப்பைக்குப் பக்கத்தில் அந்தக் கடதாசி விரித்துக் கிடந்தது. மூலைகள் பறக்காமல் சீனிப் போத்தலை மேலே வைத்திருந்தாள்.

"இது எப்ப எடுத்தது?" என்றாள்.

"அது பிழையான ரிப்போட்."

"ஆர் சொன்னது பிழை எண்டு? டொக்டரா?"

நான் சராசரி எடுத்த விதத்தை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். பாதியிலேயே என் குரல் எனக்கே வேறு யாரோ கதைக்கிற மாதிரிக் கேட்டது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்து, "நீங்க என்ன மனுஷன்? இது நெல்லா?" என்றாள். அவ்வளவுதான். அன்று பகல் முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் புதிதாக இரத்தம் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான். ஓட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த காலத்தில் கூட ரோட்டில் வைத்து அவள் என் கையைப் பிடித்ததில்லை.

அது பதினாலு புள்ளி இரண்டு.

டொக்டர் முன்னால் அவள் எல்லா ரிப்போட்டையும் வரிசையாக அடுக்கினாள், ஒளித்ததையும் சேர்த்து. டொக்டர் ஒன்பது புள்ளி ஏழைத் தனியாக எடுத்துப் பார்த்தார். அதன் தலைப்பைப் பார்த்தார், முதல் ரிப்போட்டின் தலைப்பைப் பார்த்தார்.

"ஐயா, முதல் எடுத்த அதே இடத்தில எடுத்தது இது ஒண்டுதான். நான் பாக்க வேண்டியிருந்ததும் இது ஒண்டுதான். இத ஏன் எனக்குக் காட்டல்ல?"

மேசையில் கிடந்த ரிப்போட்டுகளை நான் திரும்ப அடுக்கத் தொடங்கினேன். அவரும் நெருக்கவில்லை. ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பதற்கு நாள் எழுதினார். எழும்பும்போது நான் கேட்டேன், "இந்த மூணு மாசத்தால ஏதும் வித்தியாசம் வந்திருக்குமா டொக்டர்?"

"சொல்ல ஏலாது ஐயா" என்றார்.

அதற்குப் பிறகு நான் குடியிருப்பது அந்த இரண்டு சொற்களுக்குள்தான். அது புற்றுநோய்தானா என்று கூட நான் இப்போது அதிகம் யோசிப்பதில்லை. அதை மனதால் ஏற்றுக்கொண்டுவிட்டேன். அந்த மூன்று மாதத்துக்குள் அது சுரப்பியை விட்டு வெளியே கிளம்பியதா என்பதுதான் கேள்வி. நான் வடை தின்றுகொண்டிருந்த அன்று அது எங்கே நின்றது, வலை இழுப்பதை வேடிக்கை பார்த்த அன்று எங்கே நின்றது. இடுப்பு நோகிறது. முன்பும் நொந்த இடுப்புத்தான், சாக்குத் தூக்கிய இடுப்பு. இப்போது அது நோகும்போது, அது வந்து சேர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது. பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டேன். பிரித்தவுடன் கை தானாக மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போகிறது. அங்கே நான் பார்ப்பது பெயரை அல்ல, வயதை. அறுபத்து நாலு, எழுபத்தொன்று, அறுபத்தேழு. என் வயதுக்காரன் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தால் எரிச்சல் வருகிறது.

மனைவி அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். வைகாசியில் சடங்கு நடக்கும்போது மடிப்பிச்சை எடுத்துப் பொங்கிப் படைப்பதாகச் சொன்னாள். "அம்மனுக்கும் சராசரி காட்டப் போறியா?" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, வாய் மட்டும் பழக்கத்தில் சொன்னது.

சதை எடுக்கிற அன்று காலையில் கிளினிக் வாங்கில் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதர் வந்து உட்கார்ந்தார். என்னை விட நாலைந்து வயது கூட இருக்கும். கையில் கடைப்பை, அதற்குள் மூத்திரப் பை. குழாய் சாரத்துக்குள்ளே போயிற்று. அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஸ்டோர் ஐயாதானே நீங்க? எங்கட நெல்ல ரெண்டு தரம் திருப்பினீங்க. ஞாபகமிரிக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை பேரைத் திருப்பியிருக்கிறேன். "மனசில வெச்சிருக்காதீங்க" என்றேன்.

"சேச்சே, அதுக்கில்ல ஐயா. மூணாம் தரமும் நான் அதே நெல்லத்தான் கொண்டு வந்தன். காயப்போடவே இல்ல. காயப்போட எனக்கு எங்க இடம்? மச்சான்ட வயல் வட்டையில விளைஞ்ச காஞ்ச நெல்லில அஞ்சாறு மூட்ட வாங்கி, உங்கட கை எட்டுற இடத்தில வெச்சன். நீங்க குத்தினீங்க, பாத்தீங்க, சரி எண்டு எடுத்தீங்க." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மூத்திரப் பையும் சேர்ந்து குலுங்கியது. "நான் மட்டுமில்ல ஐயா, எல்லாரும் அப்பிடித்தான் செஞ்ச."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது. காயப்போட்டால் எண் குறையும் என்று முப்பத்தொரு வருடம் நான் என் கண்ணால் கண்டு நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் என் உயிரையும் கொண்டுபோய் வைத்தேன்.

"உங்களுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எலும்புக்குப் போயிற்றாம்" என்றார், மழை வரப்போகிறது என்பது போல. பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

உள்ளே என்னைச் சரித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு மடிக்கச் சொன்னார்கள். "சத்தம் கேக்கும், பயப்பிடாதீங்க" என்றார் நேர்ஸ். டக் என்றது. ஒவ்வொரு டக்குக்கும் டொக்டர் ஒரு எண் சொல்ல, நேர்ஸ் சின்னப் போத்தல் ஒன்றில் எழுதினார். பன்னிரண்டு இடத்தில் குத்தினார்கள். இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே, ஓரம். ஒன்றையும் கழிப்பதாக இல்லை. முன்னுக்கு வைப்பதற்கு என்னிடம் காய்ந்த மூட்டையும் இல்லை. எட்டாவது குத்தில் அழுதேன். நோவினால் என்று நேர்ஸ் நினைத்துத் தோளைத் தட்டினார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரிப்போட் வர மூன்று கிழமையாகும் என்றார்கள். இது இரண்டாவது கிழமை. மூத்திரத்தில் வந்த இரத்தம் நின்றுவிட்டது. மனைவி எனக்குப் பிடித்ததையெல்லாம் சமைக்கிறாள். இறால், முருங்கையிலைச் சுண்டல். எனக்கு உப்பு விளங்குவதில்லை. சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் மகன் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். எங்களுக்கு அவன் ஒருவன்தான். குளிரூட்டி பூட்டுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம்தான் லீவு. தாய் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், நான் ஒளித்ததை மட்டும் விட்டுவிட்டு. அவன் வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டான், சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா.

"அப்பா, எனக்கு ஒரு லீவுதான் இரிக்கு. இத எடுத்தா பிறகு ரெண்டு வருஷத்துக்கு வர ஏலாது. இப்ப வரட்டா, இல்லாட்டிப் பிறகு..." என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். தான் எதைக் கேட்டுவிட்டேன் என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். "இல்லப்பா, நான் அப்பிடிக் கேக்கல்ல. ரிப்போட் வந்த பிறகு..."

"அவசரப்படாத மனே. ரிப்போட் வரட்டும். பிறகு பாப்பம்" என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. இப்போது வந்து போய்விட்டால், அந்த நாளுக்கு அவன் இருக்க மாட்டான். கொள்ளி வைக்க வேறு யாரைக் கேட்பது என்று கூட அந்த நிமிடத்தில் யோசித்துவிட்டேன்.

மனைவி குசினியிலிருந்து வந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் காதிலிருந்து போனை எடுத்தாள்.

"இப்ப வா மனே" என்றாள். "அப்பா கதைக்கக்குள்ள, நடக்கக்குள்ள வந்து பாரு. பிறகு நடக்கிறத நான் பாத்துக்கொள்ளுவன்."

என் முகத்தைப் பார்க்காமல் போனை என் கையில் திருப்பித் தந்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அந்தப் பக்கம் மகன் அழுவது கேட்டது. அம்மா சொன்ன மாதிரியே செய் என்று அவனிடம் சொன்னேன். இன்று காலை டிக்கெட் போட்டுவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான்.